'கண்டுபிடித்தவர் யார்?': வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

என் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் ஒரு கையேட்டைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். 'கோலார் தங்கவயலைக் கண்டுபிடித்தவர் யார்?' கீழே நான்கு பெயர்கள். யோசிக்காமல் 'லாவெல்' என்றாள். கையேட்டின் விடையும் அதுதான். வட ஆர்க்காட்டிலிருந்து போய் மாரிக்குப்பம் சுரங்கத்தில் இறங்கியவர் என் தாத்தா. எனக்கு அந்த விடை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

லாவெல் சாதாரண ஆள் இல்லை. நியூசிலாந்துப் போருக்குப் பிறகு பெங்களூரில் ஓய்வாக இருக்க வந்த அயர்லாந்துச் சிப்பாய், 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பிவிட்டார். 1873-ல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம், 1875-ல் உரிமம். ஆனால் அவரைக் கிளப்பிவிட்டதே 1804-ல் அச்சான ஒரு பழைய கட்டுரை. எழுதியவர் லெப்டினன்ட் ஜான் வாரன்.

அப்படியானால் வாரனா? அவரும் இல்லை. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்தவர், மண்ணில் பொன் இருக்கிறது என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டு, காட்டுகிறவர்களுக்கு வெகுமதி என்றார். உரிகம் என்ற ஊரிலிருந்து ஒரு வண்டி மண் வந்தது. அவர் கண்ணெதிரே அதை அலசினார்கள்; அடியில் பொடிப்பொடியாகப் பொன். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடைகூடையாகக் கைமாற்றி மேலேற்ற, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கி அலசினார்கள். தெரிந்தவர்கள் காட்டினார்கள், தெரியாதவர் எழுதிக்கொண்டார். இதில் 'கண்டுபிடிப்பு' எங்கே இருக்கிறது?

பின்னாளில், 1880களில், சுரங்கக் கம்பெனிக்காரர்கள் போட்ட பணமெல்லாம் கரைந்து திணறியபோது, அவர்களுக்காகச் சுரங்க வேலையை நடத்திய கேப்டன் பிளம்மருக்கு வளமான பொன்னடுக்கு அகப்பட்டதும் அந்தப் பழங்குழிகளின் வழியேதான். பழைய ஆட்கள் விட்ட இடத்திலிருந்து தோண்டினார், அவ்வளவுதான்.

நான் கேட்பது சின்னத் திருத்தம். '1875-ல் கோலாரில் சுரங்க உரிமம் பெற்றவர் யார்?' என்று கேளுங்கள். லாவெல் என்ற விடைக்கு நானே முழு மதிப்பெண் போடுவேன். கூடவே இன்னொன்று: 'வாரனுக்குப் பொன்னை அலசிக் காட்டியவர்கள் யார்?' நான்கில் ஒன்றாக 'உரிகம், மாரிக்குப்பம் ஊரார்' என்று வையுங்கள். என் மகள் அதற்கும் யோசிக்காமல் பதில் சொல்வாள், சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேத்தி