விரிவானத்தை விடைக்காக மட்டும் படிக்கலாமா?

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புத் தமிழில் விரிவானம் எனப்படும் துணைப்பாடத்திற்கு 8 மதிப்பெண். அதற்காகப் பெரும்பாலோர் படிப்பது கதையை அல்ல. உரைநூலில் உள்ள முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரையைத்தான். கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவல் பகுதியை அப்படிப் படித்தால் ‘அன்னமய்யா பசி தீர்த்தார்’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சுகிறது. தளர்ந்து கிடந்தவனுக்கு முதலில் நீத்துப்பாகத்தை, அதாவது மேல்கஞ்சியை, கொடுத்த பக்குவம் காணாமல் போய்விடுகிறது. அந்தக் கதையின் உயிரே அந்த இடம்தான்!

தேர்விலும் இது கைகொடுப்பதில்லை. மனப்பாடம் செய்தவருக்கு ஒரு தலைப்பு மறந்தால் அடுத்ததும் வராது. கதை தெரிந்தவர் நிகழ்ச்சிகளை வரிசையாக நினைவுகூர்ந்து சொந்த நடையில் எழுதிவிடலாம்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல் முழுப் பகுதியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கரிசல் வட்டாரப் பேச்சு காதில் விழுந்தால்தான் புரியும். அடுத்த வாசிப்பில் மகுளி, வரத்துக்காரன், தொலவட்டை போன்ற சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நிகழ்ச்சிகளை எட்டுப் பத்து வரிகளில் எழுதிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படித்தால் போதும்.

பள்ளி நூலகங்களில் முழு நாவலையும், இதற்கு முந்தைய கதையான ‘கோபல்ல கிராம’த்தையும் இரண்டு மூன்று படிகளாவது வாங்கி வையுங்கள். ஆண்டுத்தேர்வு முடிந்ததும் நூலகத்தைப் பூட்டாமல், கோடை விடுமுறைக்கு அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி