அந்த 250 சொல்லுக்கு நன்றி

மீன்பிடிக்கப் போய் இலங்கைச் சிறையில் இருந்த என் வீட்டுக்காரர் விடுதலையாகி வந்து நான்கு நாள் ஆகிறது. இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தங்கச்சிமடத்தில் தெரியாதவர் யாரும் இல்லை, வெளியூர்க்காரர்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெயிலில் பந்தல் போட்டு உட்கார்ந்த மீனவர் சங்கத்தார், எந்தக் கட்சி என்று பார்க்காமல் டெல்லியில் குரல் கொடுத்த உறுப்பினர்கள், யாழ்ப்பாணத்தில் வழக்கைப் பார்த்த வக்கீல், சிறைக்கே போய்ப் பார்த்த இந்தியத் துணைத் தூதரகத்து அதிகாரிகள், சென்னை விமான நிலையத்திலிருந்து வேனில் வீடு வரை கொண்டுவந்து விட்ட மீன்வளத்துறை ஊழியர்கள், கணக்கு நோட்டைத் திறக்காமலே அரிசி கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டெல்லியில் ஒரு எம்.பி. அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவராக இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போன் வந்தது. “அக்கா, மக்களவையில் 377-ஆவது விதியில், அதாவது எம்.பி. ஒரு பிரச்சினையை எழுதிக் கொடுத்துச் சபைக்குக் கொண்டுவர்ற விதியில், உங்க விஷயத்தைக் கொடுக்கப் போறோம். 250 சொல்லுக்குள்ள முடிக்கணும். எதை விடக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். அதுவரை எங்களிடம் கேட்டவர்கள் எல்லாம் படகு எண், ஆள் எண்ணிக்கை, எந்தத் தேதி என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எதை விடக்கூடாது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு வாயே எழவில்லை. பக்கத்தில் இருந்த மாமியார் போனை வாங்கி, “அவன் சர்க்கரை மாத்திரை போடுறவன்மா. எடுத்துட்டுப் போன அட்டை இந்நேரம் தீர்ந்திருக்கும். அதைச் சொல்லச் சொல்லும்மா” என்றார்.

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. நாடு பேசுகிற சபையில் மாத்திரை அட்டையா? 1974-இல் கச்சத்தீவைக் கொடுத்ததைச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம் என்று போனைப் பிடுங்கிச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “கச்சத்தீவு எல்லாருக்கும் தெரியும் அக்கா. மாத்திரை தீர்ந்தது யாருக்கும் தெரியாது.”

அது சபைக்கு வர வேண்டிய நாளில் காலையிலிருந்து டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்துவிட்டார்கள். சபையில் ஒரே கூச்சல், ஒத்திவைப்பு, மறுபடி கூச்சல். கடைசியில் எழுதிக் கொடுத்த தாள்களை எல்லாம் மேசையில் வைத்ததாக எடுத்துக்கொண்டு முடித்துவிட்டார்கள். ஒரு வார்த்தை வாசிக்கவில்லை. “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். கூட இருந்தவர்களும் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண்ணே கூப்பிட்டார். மேசையில் வைத்தாலும் அவைக் குறிப்பில் ஏறிவிடும், வாசித்ததற்குச் சமம்தான், அமைச்சகம் உறுப்பினருக்குப் பதில் எழுத வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு, “அம்மா இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார். அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே’ என்று ஆரம்பித்தார். கட்டிலில் இருந்த மாமியார் எழுந்து நின்றுவிட்டார். முடிகிற வரை உட்காரவே இல்லை. நடுவில் ஒரு இடத்தில், “சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கு அங்கே மருந்து கிடைக்க உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்” என்று வந்தது. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அது அந்தப் பெண்ணின் வேலை இல்லை. தாளைக் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருந்துவிட்டு, முகம் தெரியாத ஒரு கிழவிக்காக இன்னொரு முறை உட்கார்ந்து வாசித்தார். அந்த வாரமே தூதரகத்து ஆட்கள் சிறைக்குப் போனபோது துணிமணியோடு மாத்திரையும் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரர் வந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்.

நாடாளுமன்றத்தில் பேசி எந்தப் படகு திரும்பி வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டவள்தான். படகு இன்னும் வரவில்லை. அதை நம்பியிருந்த ஆறு வீட்டிலும் அடுப்பு தடுமாறுகிறது. ஆனாலும் நம் கஷ்டம் நம் வார்த்தையிலேயே ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது என்பது எவ்வளவு தெம்பு என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இலங்கைக் கரையிலும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். போர் முடிந்து 2009-க்கு அப்புறம்தான் அவர்கள் நிம்மதியாகக் கடலுக்கு வந்தார்கள். கடலடியை வாரி இழுக்கிற நம் இழுவை மடி வலை போகிற வழியில் அவர்கள் வலை அறுந்துபோகிறது. அங்கே 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். அவர்களுடைய உறுப்பினர்களும் அங்கே நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று வலை போன கதையைத்தான் பேசுகிறார்கள். அங்கேயும் ஒரு தாய் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். சிறையில் இருந்தவரே இதைச் சொல்லும்போது நான் எப்படி மறுப்பேன்?

இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போக 2017-இல் இங்கேயும் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் என்று போட்டு, பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் கடன், மீதி 10 சதவீதம் நம் கையிலிருந்து என்றார்கள். அந்த 8 லட்சத்துக்கு எங்கே போவது? கடனை எதைப் பிடித்துக் கட்டுவது? அடுத்த மனு இதைப் பற்றித்தான். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து எழுதப் போகிறோம், அக்கரை வலைகளையும் சேர்த்தே எழுதுவோம். இந்த முறை 250 சொல்லுக்குள் நாங்களே எழுதிவிடுகிறோம், தங்கச்சி. நீங்கள் ஒரு தடவை வாசித்துப் பார்த்தால் போதும்.

பாம்பன் பாலம் தாண்டி எப்போது வந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று மாமியார் தினமும் கேட்கிறார்.