எலுமிச்சை இயற்கை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பங்கேற்பு உத்தரவாதச் சான்றிதழுக்கான (விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து, இயற்கை விளைச்சல் என்று உறுதி சொல்லும் முறை) குழுப் பதிவு புதுப்பிக்கப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் தோட்டத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழைக்குப் பின் வந்த கொழுந்தில் இலைத்துளைப்பான் கடுமையாக இருந்தது. இலையில் வெள்ளிக் கோடாக வளைந்து வளைந்து ஓடியிருந்தால் அதுதான். இலை சேதத்தைவிட, அந்தக் காயம் வழியே சொறிநோய் நுழைவதுதான் பெரிய தொல்லை. முற்றிய இலை இந்தப் புழுவுக்கு ஆகாது, கொழுந்துதான் வேண்டும். ஆகவே நினைத்தபோதெல்லாம் கிளை வெட்டிக் கவாத்து செய்து ஓயாமல் கொழுந்து விட வைக்க வேண்டாம் என்று பேசி முடித்தோம். தளிர் விடும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் (100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு) அடித்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

பெரிய அடி கோடையில் விழுந்தது. புளியங்குடிச் சந்தையில் நல்ல விலை போகும் நேரம் பார்த்து, காய்த்தோல் துரு ஏறியதுபோல் பழுப்பானது. வெயில் சூடு என்றுதான் பலரும் சொன்னார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மஞ்சளாக, ஆப்பு வடிவில் துருச் சிலந்தி! வெறுங்கண்ணுக்குச் சிக்காத இந்தச் சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் காய் கருகும். எண்ணெய்க் கரைசல் அடித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். துருச் சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்திப்பேன்களையும் கந்தகம் கொல்லும். அதனால் தேதி வைத்து அடிக்காதீர்கள், லென்ஸில் பார்த்த பிறகே அடியுங்கள். லென்ஸ் சங்க அலுவலகத்தில் இருக்கிறது, எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தந்தால் சரி. அடித்ததைத் தோட்டப் பதிவேட்டில் எழுதவும் மறக்க வேண்டாம்.

மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு வாங்கி மரங்களில் விட்டோம். எறும்பு ஏறும் மரத்தில் வண்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எறும்பு தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கிறது. முதலில் அடிமரத்தில் பசைப்பட்டை, அப்புறம்தான் வண்டு.

கூட்டத்தில் அதிகச் சத்தம் கறிவேப்பிலையால் எழுந்தது. இலை மஞ்சளித்து மரமே நலியும் கிரீனிங் நோயைப் பரப்பும் சைலிட் என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி எலுமிச்சைக் கொழுந்தில் மட்டுமல்ல, கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டையிட்டுப் பெருகும். மரத்தை வெட்டச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்றார் ஓர் அண்ணாச்சி. நியாயம்தான். தோட்ட வரப்பில் நிற்பதை எடுத்துவிடுவது, வீட்டு மரத்தில் தளிரை அடிக்கடி கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானமானது. கிரீனிங் வந்த எலுமிச்சை மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை என்பதால், இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. வரப்பு மரங்களை இன்னும் எடுக்காதவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். ரசீதுப் புத்தகத்தோடு வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.