சைப்ரஸ் பேச்சுவார்த்தையும் அங்கீகாரத் தகராறும்: ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாதுகாப்பு கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் சைப்ரஸ் தீவைச் சேர்ந்தவன் அல்லன். உங்கள் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கிய இந்தியத் தளபதி திம்மையா, 1965 டிசம்பரில் அத்தீவில் பணியில் இருந்தபோதே உயிர் நீத்தார் என்பதைப் படித்த நாள்முதல் அங்கு நடப்பதைக் கவனித்துவருகிறேன். எத்தனையோ தலைவர்கள் மாறிய பிறகும் அங்கே பேச்சு தொடங்கும் முன்பே எழுகிற தகராறு ஒன்று மாறவில்லை. எதிரே அமர்ந்திருப்பவரை எந்தப் பதவியின் பெயரால் அழைப்பது, எந்தத் தாளில் கையெழுத்திட்டால் அது அங்கீகாரம் ஆகிவிடும் என்பதே அந்தத் தகராறு.

இதன் வேர் உங்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. 1960ஆம் ஆண்டு அரசமைப்பு கிரேக்க சைப்ரியர் ஒருவரைக் குடியரசுத் தலைவராகவும் துருக்கிய சைப்ரியர் ஒருவரைத் துணைத் தலைவராகவும் கொண்ட கூட்டு அரசை உருவாக்கியது. 1963 டிசம்பர் கலவரத்தோடு அது உடைந்தது. துருக்கிய சைப்ரியர்கள் தாங்களாக வெளியேறினார்கள் என்று ஒரு தரப்பும், துரத்தப்பட்டார்கள் என்று மறுதரப்பும் இன்றுவரை சொல்கின்றன. அந்த வாதம் தீருவதற்குள், 1964 மார்ச் 4 அன்று நிறைவேறிய உங்கள் 186ஆம் தீர்மானம் ‘சைப்ரஸ் அரசு’ என்று குறிப்பிட்டு, சட்டம் ஒழுங்கின் பொறுப்பை அதனிடம் வைத்தது. அப்போது அந்த அரசில் துருக்கிய சைப்ரிய அமைச்சர் ஒருவர்கூட அமர்ந்திருக்கவில்லை. படையை அனுப்ப யாரேனும் ஒருவரின் இசைவு தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரத்தில் எழுதிய அந்த இரண்டு சொற்களின் விளைவை ஒரு சமூகம் அறுபது ஆண்டுகளாகச் சுமக்கிறது.

கிரேக்க சைப்ரியர்களின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. 1974 ஜூலையில் ஏதென்ஸ் ராணுவ ஆட்சியின் தூண்டுதலால் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பும், ஐந்தாம் நாளே வந்திறங்கிய துருக்கியப் படையும், வீடிழந்து தெற்கே ஓடிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் அந்த அச்சத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள். துருக்கியப் படை பிடித்த வடக்குப் பகுதியில் 1983 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனி அரசை உங்கள் 541, 550ஆம் தீர்மானங்கள் செல்லாது என்று சொன்னது சரியே என்று கருதுகிறேன். ஆயினும் அரசை ஏற்க மறுப்பது ஒன்று, அதன்கீழ் வாழும் மனிதரைக் காண மறுப்பது வேறொன்று. பிளவுபட்ட தலைநகரான நிக்கோசியாவின் வடக்குப் பகுதியில் இருப்பவருக்கு ஒரு கடிதம் போக வேண்டுமானால் உறையின்மேல் ‘மெர்சின் 10, துருக்கி’ என்று எழுத வேண்டியிருக்கிறது. 2004 ஏப்ரலில், தீவை மீண்டும் இணைக்க ஐ.நா. முன்வைத்த அன்னான் திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரியர்களில் 65 விழுக்காட்டினர் ஆம் என்று வாக்களித்தனர். தெற்கில் 76 விழுக்காட்டினர் மறுத்தனர். அடுத்த வாரமே தெற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. வடக்கின் தனிமையைப் போக்குவோம் என்று ஒன்றியம் அளித்த வாக்குறுதியில் நேரடி வணிகத்துக்கான விதி இன்றுவரை நிறைவேறவில்லை. அங்கிருந்து 2020இல், இரு தரப்பையும் சமமான இறையாண்மை கொண்டவையாக ஏற்கக் கேட்கும் ‘இறையாண்மைச் சமத்துவம்’ என்ற கோரிக்கையோடு எர்சின் தத்தார் வடக்கின் தலைவராக வந்ததில் எனக்கு வியப்பில்லை. அக்கோரிக்கையை நான் ஏற்கவில்லை என்றாலும்.

அங்கீகாரம் என்ற சொல்லைத் தொடாமலே காரியம் நடத்த அத்தீவுக்குத் தெரியும். 1970களின் இறுதியில், நிக்கோசியாவின் கிரேக்க மேயர் லெல்லோஸ் தெமெத்ரியாதிஸும் துருக்கியப் பகுதியின் முஸ்தபா அக்கின்ஜியும் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களுக்காக உட்கார்ந்து பேசினார்கள். சாக்கடைக்கு எல்லைக்கோடு தெரியாது. தெற்கின் கழிவுநீரும் வடக்கிலுள்ள மியா மிலியா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் எந்த அரசும் அங்கீகாரம் பெற்றுவிடவில்லை. மோதல்களில் காணாமற்போனவர்களை இரு சமூகத்தாரும் சேர்ந்து தேடும் காணாமற்போனோர் குழுவும் அப்படித்தான்: பட்டியலில் உள்ள 2002 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டுக் குடும்பங்களிடம் சேர்ந்திருக்கின்றன. வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் பச்சைக் கோட்டைக் கடக்கும் சரக்குக்குச் சான்றளிப்பது வடக்கின் அமைச்சகமன்று, துருக்கிய சைப்ரிய வணிகர் சங்கம். ஹல்லூமி, ஹெல்லிம் என்ற இரு பெயர்களாலும் அழைக்கப்படும் பாலாடைக்கட்டிக்கு 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்ததும் இரு மொழிப் பெயர்களிலும்தான்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதே என் வருத்தம். 2025 அக்டோபரில் கூட்டாட்சித் தீர்வை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மானை வடக்கு தன் தலைவராகப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இந்த வாய்ப்பும் பெயர்ப்பலகைச் சண்டையில் கரைந்துவிடக் கூடாது.

ஆகவே நான் கேட்பது ஒரு பத்தி. ஜனவரியில் அமைதிப் படையின் காலத்தை நீட்டிக்கும் தீர்மானத்தில், இரு பகுதிகளின் நகராட்சிகள், மருத்துவமனைகள், காவல்துறைகள், பள்ளிகள் நேரடியாகத் தொடர்புகொள்வதும், பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகளை ஏற்பதும் எவ்விதத்திலும் அரசு அங்கீகாரம் ஆகாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவின் சட்டவிரோத ஆட்சியில் இருந்த நமீபியா பற்றிய கருத்துரையில் 1971இலேயே சர்வதேச நீதிமன்றம் இத்தகைய பதிவுகளைப் புறக்கணிப்பது மக்களுக்கே தீங்கு என்று சொல்லியிருக்கிறது. 541, 550ஆம் தீர்மானங்களில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகன்