ஒரே அச்சில் வார்த்த படகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்மட்டத்துக்கு மேலே எழும்பிப் பறக்கும் புதுவகைப் பாய்மரப் படகுகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, லேசர் என்னும் சிறு பந்தயப் பாய்மரப் படகைக் காலம் கடந்தது என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. வேகத்தை மட்டும் அளந்தால் அது சரிதான். ஆனால், 1969இல் படகு கட்டுநர் இயான் புரூஸ் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதற்காக, காரின் கூரையில் ஏற்றிச் செல்லத்தக்கதாய் படகு வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பி கோட்டுச் சித்திரமாக வரைந்த இந்தப் படகில் இன்றும் ஏன் பந்தயம் ஓடுகிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் யோசிக்கவில்லை.

நீளம் 4.2 மீட்டரைச் சற்றே தாண்டும். ஒரே பாய், ஓட்டுவதற்கு ஒரே ஆள். அடித்தட்டையோ (படகின் உடலையோ) பாய்மரத்தையோ விருப்பம்போல் திருத்த விதிகள் இடம் தருவதில்லை என்பதால், முன்னே செல்பவர் காசு கொடுத்து வேகத்தை வாங்கிவிட்டார் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. (புதுப் பாய்க்குச் சிறிது அனுகூலம் உண்டு; அதை மறுக்கவில்லை.) காற்றை எதிர்த்துச் செல்லும்போது, படகினுள் கட்டியிருக்கும் வாரில் பாதங்களைச் செருகி உடலை வெளியே சாய்த்துப் படகைத் தட்டையாக வைத்திருக்க வேண்டும், தொடைகள் எரியும் அந்த நேரத்திலேயே, காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று நீரின் கருமையைப் பார்த்துக் கணிக்கவும் வேண்டும். பின்காற்றில் வேலை முற்றிலும் வேறு. அங்கே சுக்கானைவிட உடலின் சாய்வே படகைத் திருப்புகிறது. அலையின் சரிவைப் பிடித்தவர் பத்துப் படகுகளைக் கடப்பார், தவறவிட்டவர் கவிழ்வார்.

2019 முதல் இல்கா (ILCA) என்று வழங்கும் இந்தப் படகு வகுப்பில் (ஒரே வடிவப் படகுகளின் பந்தயப் பிரிவில்), அதே அடித்தட்டில் பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மட்டும் மாற்றி, எடை குறைந்த சிறுவரும் எடை மிகுந்த பெரியவரும் ஓட்டலாம். குறைகளும் இருக்கின்றன: பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கட்டை தாழ்வானது, குனிய மறந்தவரின் தலையைப் பதம் பார்க்கும், பழைய அடித்தட்டுகள் நாளடைவில் உறுதி இழக்கின்றன.

இவ்வகுப்பு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996இல் தங்கம் வென்ற பிரேசிலின் ராபர்ட் ஷைட், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தம் 48ஆம் வயதில், அதே வகைப் படகில் எட்டாம் இடம் பிடித்தார். காலம் கடந்த படகு என்று எழுதுமுன் கட்டுரையாளர் இதையும் கணக்கில் எடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்