வீட்டோடு நர்ஸ் இப்போது வேண்டாம்

அன்பு மகனுக்கு,

எங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு நர்ஸை அமர்த்தலாம் என்று நீ சொன்னதை நானும் அம்மாவும் யோசித்தோம். இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. காரணத்தை நிதானமாகச் சொல்ல வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எங்கள் சர்க்கரை, பிபி மாத்திரைகளைச் சுகாதாரத் தன்னார்வலரான பெண் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். ஆனால் மாத்திரைக்கு அப்பால் செய்ய வேண்டியவற்றைக் கற்றுக்கொடுத்தவர் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான்.

அவர் "இதைச் சாப்பிடாதீர்கள்" என்று தொடங்குவதில்லை. முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்பார். அம்மா ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று அடுக்கியதும், ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என்று விளக்கி, இவற்றில் எதை விட முடியும் என்று அவளிடமே கேட்டார். அப்பளத்தையும் ஊறுகாயையும் விட்டுவிட்டாள். கருவாட்டை மட்டும் எப்போதாவது என்று குறைத்துக்கொண்டாள். யாராவது உத்தரவு போட்டிருந்தால் தலையாட்டிவிட்டுப் பழையபடியே சமைத்திருப்பாள் என்பது உனக்கும் தெரியும்.

எனக்குப் பாதம்தான் பாடம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம் என்பதால், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். மருத்துவர் மெட்ஃபார்மின் மாத்திரையோடு, சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடிய கிளிமிபிரைடையும் சேர்த்த பிறகு, சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கத்தையும் வியர்வையையும் அடையாளம் காண நர்ஸம்மா பழக்கினார். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது அம்மாவுக்கும் மனப்பாடம்.

சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் நம் வீட்டில் உட்காரும் நேரம் சொற்பம்தான். (இன்னும் ஆள் போடலாம், யார் கேட்கிறார்கள்?) அதனால்தான், அவர் இல்லாத நாட்களில் நாங்களே சமாளிக்கும்படி சொல்லித்தருகிறார். எங்களில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் உன் யோசனையை மறுபடி பேசலாம்.

பணம் அனுப்புவதானால், மேற்கையில் கட்டும் பிபி மிஷின் ஒன்று வாங்கி அனுப்பு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அம்மாவின் கை பருமன் என்பதால் பெரிய அளவுப் பட்டையாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா