பச்சைக் கொடி கைகழுவல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே என்பதால் முதலில் என் நன்றி. ஆனால், இரண்டே படகுகள் நேருக்கு நேர் மோதும் பந்தயத்தில் நடுவர்கள் பச்சையும் வெள்ளையுமான கொடியைக் காட்டுவது, அதாவது யாருக்கும் தண்டனை இல்லை என்பது, தீர்ப்புச் சொல்லத் துணிவில்லாமல் கைகழுவுவதுதான் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆக்லாந்தில் வேலை பார்த்த ஆண்டுகளில், வார இறுதி நாட்களில் ஒரு படகு மன்றத்துக்காக நடுவர்களின் விசைப்படகை ஓட்டிக்கொடுத்தவன் நான். அந்தக் கொடி உயர்வதற்கு முந்தைய சில விநாடிகளில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வழியுரிமை விதிகளின் அடிப்படை எளிதானது. இடப்பக்கத்தில் காற்று வாங்கி ஓடும் படகு, வலப்பக்கத்தில் காற்று வாங்கி ஓடும் படகுக்கு ஒதுங்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் காற்று வாங்கி, ஒன்றின் முன்முனை மற்றதன் பின்முனையைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓடினால், அதாவது ‘ஓவர்லாப்’ இருந்தால், காற்று வரும் பக்கத்தில் உள்ள படகு மற்றதற்கு ஒதுங்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஓடினால் பின்னால் வருவது ஒதுங்க வேண்டும். இவ்வளவும் சாலை விதி போலத்தான் தோன்றும். ஆனால் சாலையில் இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு. ஒரு படகு பாயை மறுபக்கம் மாற்றிய நொடியிலேயே உரிமை கைமாறிவிடும். அப்படிப் புதிதாக உரிமை பெற்ற படகு, அது எதிராளியின் செயலால் கிடைத்ததாக இருந்தாலொழிய, எதிராளி ஒதுங்குவதற்குத் தொடக்கத்தில் இடம் கொடுத்தே ஆக வேண்டும். உரிமையுள்ள படகே திசை திருப்பினாலும் எதிராளிக்கு இடம் வேண்டும். ஆகவே, யாருக்கு உரிமை என்று கேட்டால் மட்டும் போதாது. அந்த உரிமை எந்தக் கணத்தில் வந்தது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான தகராறுகள் இரண்டாவது கேள்வியில்தான் பிறக்கின்றன.

அந்தக் கணத்தைப் பிடிப்பதற்கு நடுவர்கள் வைத்திருக்கும் முறை விசித்திரமானது. விசைப்படகில் இருவர் நிற்பார்கள். ஒருவர் நீலக் கொடி கட்டிய படகாகவும் மற்றவர் மஞ்சள் கொடி கட்டிய படகாகவும் தம்மை வைத்துக்கொண்டு, பந்தயம் முழுவதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார்கள். “எனக்கு உரிமை.” “நான் ஒதுங்குகிறேன்.” “திரும்புகிறேன், இடம் கொடுக்கிறேன்.” “இடம் போதும்.” வெளியாள் கேட்டால் நாடக ஒத்திகை என்றுதான் நினைப்பார். இந்தப் பேச்சின் பயன், எதிராளி விதி மீறியதாக ஒரு படகில் எதிர்ப்புக் கொடி உயரும்போது நடுவர்கள் நினைவிலிருந்து எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை என்பதே. இருவரும் கடைசியாக ஒத்துக்கொண்ட நிலை அப்போதுதான் அவர்கள் வாயிலிருந்து வந்திருக்கும். படகுகளின் நிலை மாறிவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை, அது மாறவில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய கோட்பாடு. கடைசி உறுதிப்புள்ளி என்று அதைச் சொல்லலாம்.

ஒரு மாலையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு படகுகளும் காற்றோடு ஓடி, சுற்றித் திரும்ப வேண்டிய கீழ் மிதவையை நெருங்கிக்கொண்டிருந்தன. நீலம் முன்னால், மஞ்சள் சற்றே பின்னால், உள்பக்கத்தில். மிதவையைச் சுற்றி இரண்டு படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு (பல படகுகள் ஓடும் பந்தயங்களில் அது பொதுவாக மூன்று நீளம்). முன்னால் செல்லும் படகு அந்த வட்டத்தைத் தொடுவதற்குள் மஞ்சளின் அணியம் (முன்முனை) நீலத்தின் பின்முனைக் கோட்டைத் தாண்டியிருந்தால், உள்பக்கத்தில் திரும்ப மஞ்சளுக்கு இடம் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. மஞ்சளாகப் பேசியவர், “பின்னால்தான் இருக்கிறேன், பின்னால், இன்னும் பின்னால்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்நேரம் ஓர் அலை மஞ்சளைத் தூக்கி முன்னே தள்ளியது. அவர் ஒரு கணம் பேசவில்லை. நீலம் வட்டத்துக்குள் போய்விட்டது. மஞ்சளின் தலைவர் இடம் கேட்டுக் கத்தினார், நீலம் கொடுக்கவில்லை, சிவப்பும் மஞ்சளும் கோடிட்ட எதிர்ப்புக் கொடி உயர்ந்தது. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பச்சை வெள்ளைக் கொடியோடு ஊதல் நீளமாக ஒலித்தது.

கரையில் மஞ்சளின் குழுவினருக்குக் கோபம். ஆனால் ஓவர்லாப் உரிய நேரத்தில் ஏற்பட்டதா என்பதில் நியாயமான ஐயம் இருந்தால் ஏற்படவில்லை என்றே கொள்ள வேண்டும் என்று விதிநூலே சொல்கிறது. உண்மையில் அன்றைய தவறு என்னுடையது. நீலத்தின் பின்முனைக்கு நேர் பக்கவாட்டில் படகை நிறுத்தியிருந்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நான் சில மீட்டர் பின்தங்கிவிட்டேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாமல் விட்ட அந்த இருவர் மீது எனக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊகத்தின் பேரில் நீலத்துக்குத் தண்டனைச் சுற்று கொடுத்திருந்தால், அடுத்த மிதவையில் எதை நம்பி ஓட்டுவது என்று எந்தத் தலைவருக்கும் தெரிந்திருக்காது.

தீர்ப்பைக் கரைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1970-ஆம் ஆண்டு அமெரிக்கக் கோப்பையே சான்று. கட்டுரையாளர் அதை ஒரே வரியில் கடந்துவிட்டார். நியூபோர்ட்டில் நடந்த இரண்டாவது பந்தயத்தின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ‘கிரெட்டல் 2’, அமெரிக்காவின் ‘இன்ட்ரெபிட்’டோடு மோதியது. கடலில் நடுவர் எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கிரெட்டல் ஒரு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் முதலில் வந்தது. அதன் பிறகு நியூயார்க் யாட் கிளப்பின் குழு முறையீட்டை விசாரித்துக் கிரெட்டலைத் தகுதி நீக்கியது. அந்தக் கிளப்தான் கோப்பையைத் தன்வசம் வைத்திருந்தது என்பதை நினைத்தால் ஆஸ்திரேலியர்களின் சினம் புரியும். கிரெட்டலின் பின்னணியில் இருந்த சர் ஃபிராங்க் பேக்கர், அந்தக் குழுவிடம் முறையிடுவது மனைவியைப் பற்றி மாமியாரிடம் புகார் சொல்வது போன்றது என்றார். தொடக்க ஒலிக்குப் பிறகு உரிமை எப்படி மாறியது என்பதே அங்கும் பிரச்சினை. விதியின்படி அந்தத் தீர்ப்பு சரிதான் என்றே நான் கருதுகிறேன். ஆனால் பந்தயம் முடிந்த பிறகு வந்த சரியான தீர்ப்பு யாரையும் சமாதானப்படுத்தவில்லை. அமெரிக்கக் கோப்பையில் நடுவர்கள் கடலிலேயே தீர்ப்புச் சொல்லும் முறை 1992-இல் சான் டியேகோவில்தான் வந்தது.

2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் படகுகளின் இருப்பிடத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன, இனி ஐயத்துக்கே இடமில்லை என்று கட்டுரையாளர் முடிக்கிறார். ஓவர்லாப்பைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. எனக்கும் அன்று மாலை அப்படி ஒரு திரை இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் ஒதுங்குவது என்றால், உரிமையுள்ள படகு விலகிப்போக வேண்டிய தேவை இன்றித் தன் வழியில் செல்ல முடிவது என்பதே விதியின் வரையறை. அந்தத் தேவை எழுந்ததா என்பதை அலையையும் காற்றையும் பார்த்து மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். நடுவர் நீலக் கொடி காட்டினால் எச்சரிக்கை, மஞ்சள் காட்டினால் தண்டனை என்று பெட்டிச் செய்தியில் அச்சாகியுள்ளது. அது கால்பந்து அட்டைகளின் குழப்பம் என்று நினைக்கிறேன். நீலம் காட்டினால் நீலக் கொடி கட்டிய படகுக்கும், மஞ்சள் காட்டினால் மஞ்சள் கொடி கட்டிய படகுக்கும் தண்டனை. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.